வீட்டுக்கும் ஒரு தரச் சான்று



ரப்பர்த் தாளுக்குத் தரம் உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புகை வீட்டிலிருந்து வெளிவரும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குமிழி இருக்கிறதா, அழுக்குப் படிந்திருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று சோதித்து, முதல் தரம், இரண்டாம் தரம் என ஐந்து வரை பிரித்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். செம்பனைக் குலையையும் அப்படித்தான், பழுத்தது, பழுக்காதது என்று பிரிக்கிறோம். தரம் தெரிந்தால்தானே விலை பேச முடியும்?

ஆனால் மாதா மாதம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டுக்கு என்ன தரம் என்று யாராவது நமக்குச் சொல்கிறார்களா? சுவருக்குச் சாயம் அடித்திருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கூடம் பக்கமா என்று பார்க்கிறோம். முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்குகிறோம். இரண்டு மாதம் கழித்து மின்சார பில் வந்த பிறகுதான் வீட்டின் குணம் தெரிகிறது. அதற்குள் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருப்போம். திரும்பிப் போக வழியிராது.

தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் போனதால், லயத்து வீட்டை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வாடகைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். சேமநிதிப் பணத்தையும் மாதச் சம்பளத்தையும் எண்ணி எண்ணிச் செலவு செய்கிற இக்குடும்பங்களுக்கு, வீட்டைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது சின்ன விஷயமன்று. ஆகவே, வேறொரு நாட்டில் இதற்கென்று சட்டமே போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்து வருவதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த நாடு இங்கிலாந்து. சான்றிதழின் பெயரைத் தமிழில் ‘வீட்டு எரிசக்தித் தரச் சான்றிதழ்’ என்று வைத்துக்கொள்வோம்.

இங்கிலாந்து குளிர் நாடு. ஆண்டில் பல மாதங்கள் வீட்டுக்குள் சூடு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் எரிவாயுவால் எரியும் ஒரு கொதிகலன் இருக்கும். அது தண்ணீரைச் சுடவைத்து, ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாக நிறுத்திவைத்த உலோகத் தட்டுகளுக்குள் ஓடவிடும். அந்தத் தட்டுகள் அறையைச் சூடாக்கும். வாயு சும்மா வருவதில்லை, அதற்கும் பில் உண்டு.

குளிரே தெரியாத நமக்கு இது எப்படி விளங்கும் என்று நினைக்க வேண்டாம். புகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு சரியாகச் சாத்தாத, பலகை இடுக்கு விட்ட புகை வீட்டுக்கு எவ்வளவு விறகு போட்டாலும் போதாது. விறகு வண்டி வண்டியாகப் போகும், தாள் காயாது. இங்கிலாந்தின் பழைய வீடு ஒன்றும் அத்தகையதே. ஏற்றுகிற சூடு கூரை வழியாகவும், சுவர் வழியாகவும், சன்னல் இடுக்கு வழியாகவும் வெளியே போய்விடும். குடியிருப்பவர் வெளிக் காற்றைச் சூடாக்கப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூரைக்கு உள்ளே சூட்டைத் தடுக்கும் பஞ்சு விரிக்கலாம். ஒற்றைக் கண்ணாடி சன்னலை மாற்றி இரட்டைக் கண்ணாடி போடலாம். புதுக் கொதிகலன் வைக்கலாம். இதெல்லாம் யார் செலவு? வீட்டுச் சொந்தக்காரர் செலவு. செய்யாவிட்டால் மாதா மாதம் யார் கை கடிக்கும்? குடியிருப்பவர் கை கடிக்கும். ஒருவர் கூரைக்குப் பொறுப்பு, இன்னொருவர் பில்லுக்குப் பொறுப்பு. சொந்தக்காரர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; அவர் பையிலிருந்து பணம் போகாததால் அவருக்கு அவசரம் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். வாடகை வீடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்தச் சிக்கல் உண்டு. நம் நாட்டிலும் உண்டு.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் வீணாகும் எரிபொருளைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கின. வீட்டுக்குத் தரச் சான்று வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு பொதுக் கட்டளை பிறப்பித்தது. அதன்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007-இல் விற்பனை வீடுகளில் தொடங்கி, 2008 அக்டோபர் முதல் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் இச்சான்றிதழ் கட்டாயமாயிற்று. பிற்பாடு பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய போதும் இந்தச் சட்டத்தைக் கைவிடவில்லை.

சான்றிதழ் எப்படி இருக்கும்? பள்ளியில் பிள்ளைக்குக் கொடுக்கும் தேர்ச்சிப் புத்தகத்தைப் போல இருக்கும். ஆங்கில எழுத்தில் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு தரம். மேலே பச்சை நிறம், இறங்க இறங்க மஞ்சள், கடைசியில் சிவப்பு. எழுத்தோடு மதிப்பெண்ணும் உண்டு. 92-உம் அதற்கு மேலும் வாங்கினால் ‘ஏ’. 69 முதல் 80 வரை ‘சி’. 39 முதல் 54 வரை ‘ஈ’. இருபதும் அதற்குக் கீழும் ‘ஜி’. ஒருமுறை வாங்கினால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். வீட்டை வாடகைக்கு விட விளம்பரம் செய்தால் இந்த எழுத்தை அதில் போட்டாக வேண்டும். வீடு பார்க்க வருபவரிடம் சான்றிதழைக் காசு வாங்காமல் காட்ட வேண்டும். பொதுப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்த வீட்டின் தரத்தையும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போடுவதற்கென்று பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். அவர் வேலை சுவாரசியமானது. சுவரைப் பார்ப்பார். அங்கே பழைய வீடுகளின் சுவர் நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கற்சுவர். பிற்காலத்து வீடுகளில் இரண்டு சுவர்களை ஒட்டாமல் எழுப்பி நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். வெளியே நின்று செங்கல் அடுக்கிய விதத்தைப் பார்த்தே எந்தச் சுவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். செங்கல்லின் நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் முழுச் சுவர். நீளப் பக்கம் மட்டுமே தெரிந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம். பிறகு பரணில் ஏறிக் கூரைக்கடியில் பஞ்சு விரித்திருக்கிறதா, எத்தனை தடிப்பு என்று அளப்பார். 270 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடி அளவுகோலுக்குச் சற்றுக் குறைவான தடிப்பு, அங்கே நல்ல அளவாகக் கருதப்படுகிறது. சன்னல், கொதிகலன், விளக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய்க் கணக்குப் போடுவார்.

அவர் குடியிருப்பவரின் பில்லைக் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டில் சிக்கனமான கிழவி ஒருத்தி இருக்கலாம், ஆறு பிள்ளை பெற்ற குடும்பமும் இருக்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்கு. மதிப்பெண் வீட்டுக்கு, வீட்டில் இருப்பவருக்கு அன்று. எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. பில் கூடினால் ‘நீங்கள்தான் வீண் செலவு செய்கிறீர்கள்’ என்று குடியிருப்பவர் தலையில் பழியைப் போட்டுவிடுவது சுலபம். வீட்டைத் தனியே அளந்து காட்டிவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

தேர்ச்சிப் புத்தகத்தில் ஆசிரியர் குறிப்பு எழுதுவது போல, இன்னின்னதைச் செய்தால் தரம் இவ்வளவு உயரும், ஏறத்தாழ இவ்வளவு செலவாகும் என்ற பரிந்துரையும் சான்றிதழில் இருக்கும்.

முதலில் இது வெறும் அறிவிப்பாகத்தான் இருந்தது. சிவப்பு எழுத்து வாங்கிய வீட்டையும் வாடகைக்கு விடலாம். வீடு கிடைக்காத ஏழை அதிலும் குடியேறுவார், வேறு வழி? அதனால் சட்டத்துக்குப் பல் முளைக்க வேண்டியிருந்தது. 2015-இல் விதிகள் வந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தத்துக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாடகைக்கும் குறைந்த தரம் ‘ஈ’ என்று வரையறுத்தார்கள். ‘எஃப்’, ‘ஜி’ வாங்கிய வீட்டைத் திருத்தாமல் வாடகைக்கு விடக்கூடாது. மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். கூரையையோ சுவரையோ சீர்திருத்த அனுமதி கேட்கும் உரிமை குடியிருப்பவருக்கும் 2016-இல் வந்தது. தக்க காரணமின்றிச் சொந்தக்காரர் மறுக்க முடியாது.

ஓட்டை இல்லாத சட்டம் ஏது? சொந்தக்காரர் 3,500 பவுண்டு வரை செலவு செய்தும் ‘ஈ’ எட்டவில்லையென்றால், விலக்குப் பதிவு செய்துகொண்டு ஐந்தாண்டுக்கு அப்படியே வாடகைக்கு விடலாம். பழைய முழுச் செங்கற்சுவர் வீட்டுக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு? தரத்தை ‘சி’ வரை உயர்த்த வேண்டும் என்ற யோசனையை அந்நாட்டு அரசு 2025-இல் முன்வைத்தது. சொந்தக்காரர்கள் சிலர், இந்தச் செலவெல்லாம் கடைசியில் வாடகையில்தான் ஏறும் என்கிறார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

சரி, இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு?

அங்கே சூடு வெளியே ஓடுகிறது. இங்கே சூடு உள்ளே இறங்குகிறது. அங்கே வாயு பில், இங்கே மின்சார பில். அவ்வளவுதான் வேறுபாடு. தகரக் கூரைக்கடியில் சீலிங் பலகை இல்லாத வீட்டில் பகல் இரண்டு மணிக்கு இருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தகரம் சூடேறி, அடுப்புத் தட்டு போல் கீழே அனலை வீசும். காற்றாடியை எத்தனை வேகத்தில் வைத்தாலும் அந்த அனற்காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். மேற்கே பார்த்த செங்கற்சுவரும் அப்படியே. மாலை வெயிலை முழுக்கக் குடித்துவிட்டு, இரவு பத்து மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் கக்கும். பிள்ளைகள் புரண்டு புரண்டு படுப்பார்கள். மறுநாள் என் வகுப்பில் வந்து தூங்குவார்கள். இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாய்மார்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைக் கணக்குத்தான், ஆனால் நடக்கக்கூடியது. இரண்டு வீடுகள். முதல் வீட்டுக்கு வாடகை 500 வெள்ளி. தகரக் கூரை, சீலிங் இல்லை, மேற்கு வெயில். இரண்டாவது வீட்டுக்கு 540 வெள்ளி. ஓட்டுக் கூரை, சீலிங் உண்டு, எதிரும் புதிருமாகச் சன்னல் இருப்பதால் காற்றோட்டம் உண்டு. ஐஸ்பெட்டி, விளக்கு, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு வீட்டிலும் மாதம் 100 யூனிட் என்று வைப்போம்.

முதல் வீட்டில் மூன்று காற்றாடி, நாளுக்கு 16 மணி நேரம். ஒரு காற்றாடி 70 வாட் என்றால் மாதம் ஏறக்குறைய 101 யூனிட். புழுக்கம் தாங்காமல் ஓர் ஏர்கோன் வாங்கி, இரவில் எட்டு மணி நேரம் போடுகிறார்கள். மணிக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே, 0.8 என்று வைத்தால் மாதம் 192 யூனிட். ஆக மொத்தம் 393 யூனிட். இரண்டாவது வீட்டில் இரண்டு காற்றாடி பத்து மணி நேரம் ஓடினால் போதும். அது 42 யூனிட். மொத்தம் 142.

2025 ஜூன் வரை நடப்பில் இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40 சென், அதற்கு மேல் 600 வரை 51.60 சென். அந்தக் கணக்கில் முதல் வீட்டுக்கு 125 வெள்ளி, இரண்டாவது வீட்டுக்கு 31 வெள்ளி. வாடகையில் 40 வெள்ளி மிச்சம் என்று நினைத்து முதல் வீட்டைப் பிடித்தவர், பில்லில் 94 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறார். மாதம் 54 வெள்ளி நட்டம். ஓர் ஆண்டுக்கு 648 வெள்ளி. பள்ளி திறக்கும் மாதத்தில் உடுப்புக்கும் காலணிக்கும் புத்தகப் பைக்கும் எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதில் ஏர்கோன் வாங்கிய காசை நான் சேர்க்கவே இல்லை.

2025 ஜூலை முதல் கட்டண முறை மாறிவிட்டது. ஆனாலும் குறைவாகச் செலவழிப்பவர்களுக்குச் சிக்கனத் தள்ளுபடி என்று ஒன்று அதில் இருக்கிறது. மாதம் 1,000 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு அது கிடைக்கும், யூனிட் குறையக் குறையத் தள்ளுபடி வீதம் கூடும். ஆகவே சூடான வீட்டில் இருப்பவருக்கு இன்றைக்கும் இரட்டை அடிதான்.

நம் நாட்டில் தரச் சான்று என்பதே இல்லையா என்று கேட்டால், பொருள்களுக்கு இருக்கிறது. ஐஸ்பெட்டி, ஏர்கோன், தொலைக்காட்சி, காற்றாடி ஆகியவற்றுக்கு 2013 முதல் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை கட்டாயம். ஐந்து நட்சத்திரம் மிகச் சிக்கனம். இரண்டுக்குக் கீழ் உள்ளதைக் கடையில் விற்கக்கூடாது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்றும் அந்த ஒட்டுச்சீட்டிலேயே போட்டிருக்கும். கடைக்காரர் விலைச் சீட்டைத்தான் காட்டுவார். நட்சத்திரச் சீட்டை நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டடங்களைப் பொறுத்தவரை, 2024-ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அது பெரிய அலுவலகக் கட்டடங்களுக்கு முத்திரை கேட்கிறது. நாம் குடியிருக்கும் சாதாரண வீட்டை அது தொடவில்லை. துரைமார் உட்காரும் அலுவலகத்துக்கு நட்சத்திரம் வந்துவிட்டது, தொழிலாளி படுக்கும் வீட்டுக்கு இன்னும் வரவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அது வரும்வரை மதிப்பீட்டாளர் வேலையை நாமே பார்க்க வேண்டியதுதான். வீடு பார்க்கப் போவதானால் காலை வேளையில் போகாதீர்கள். வெயில் சாயும் நேரத்தில், மூன்று நான்கு மணிக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வீடு தானே சொல்லிவிடும். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சுவர் படுக்கையறைச் சுவரா என்று பாருங்கள். சீலிங் இருந்தால், கூரைக்கடியில் மினுமினுக்கும் சூடு தடுக்கும் தாள் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சன்னல்கள் திறக்கின்றனவா, அல்லது ஆணியடித்து மூடியிருக்கிறதா? ஒரு சன்னலில் நுழையும் காற்று வெளியேற எதிரே வழி உண்டா? சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் தெரிந்தால், அதன்மேல் புதுச் சாயம் அடித்திருந்தாலும், ஈரம் உள்ளே இருக்கிறது. சளி, இளைப்புள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு இருந்தவர்களின் ஆறு மாத மின்சார பில்லைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எத்தனை பேர் இருந்தார்கள், ஏர்கோன் இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருப்பவர்களுக்கு வழி வேறு. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966-இலேயே வந்தது. பின்னர் 1990-இல் விரிவான சட்டம் வந்து, 2019-இல் திருத்தவும் பட்டது. முதலாளி கொடுக்கும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. சூட்டுக்கு மதிப்பெண் போடும் ஏற்பாடு அதில் இல்லை என்றாலும், ஒழுகும் கூரையும் பெயர்ந்து விழுந்த சீலிங் பலகையும் பழுதில்தானே சேரும்? தனியாகப் போய் முணுமுணுக்காமல், எந்த வீடு, என்ன பழுது, எந்தத் தேதியில் சொன்னோம் என்று எழுதி, தொழிற்சங்கக் கிளையின் வழியாகக் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களில் சிலர் மலிவு விலை வீடு ஒன்று வாங்கி, அதை வாடகைக்கு விட்டிருப்பீர்கள். நீங்கள் இப்போது சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. தகரக் கூரைக்கு வெளிப்புறம் வெள்ளைச் சாயம் அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். உள்ளே சீலிங் பலகையும் அதற்கு மேலே சூடு தடுக்கும் தாளும் போட ஒருமுறைதான் செலவு. குடியிருப்பவர் இரண்டு மாதத்துக்கொரு முறை வீட்டைக் காலி செய்துகொண்டு போனால், காலியாகக் கிடக்கும் மாதத்து வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்று இரவு படுக்கும் முன் மின்சார மீட்டரில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நாளைக் காலை எழுந்ததும் மறுபடி எழுதச் சொல்லுங்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால், ஓர் இரவுக்கு வீடு குடித்த யூனிட் தெரியும். ஏர்கோன் போட்ட இரவும் போடாத இரவும், மழை பெய்த இரவும் பெய்யாத இரவும் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வரட்டும். சில பழைய மீட்டர்களில் கடைசி எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. முழு எண்ணோடு சேர்த்துவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.